முறைத் தண்ணீர்

கண்மாய்க் கரை. இருட்டு இன்னும் பிரியவில்லை. கால்விரல்களுக்கிடையில் பனி.

மூச்சு வருகிறது. போகிறது.

தூரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம். நடக்கிறது, நிற்கிறது, குனிகிறது. ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி மடைக்கு வந்துவிட்டார்.

திருகு முனகுகிறது. நீர் முதலில் திணறுகிறது. காற்றும் சேறும் கலந்து கொப்பளிக்கிறது. பிறகு சத்தம் சீராகிறது. சீரானதும் காது அதை விட்டுவிடுகிறது. இப்போது தவளைகள் கேட்கின்றன.

*

மனத்தை மடையோடு ஒப்பிடத் தோன்றுகிறது.

வேண்டாம். மடை மடையாகவே இருக்கட்டும்.

*

இவருக்கு இந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். நிலமற்றவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்கள். ஊரின் தண்ணீர் அவர்கள் கையில்.

நிலம் இருந்தால் கை தன் வயல் பக்கம் சாயும் என்று யாரோ எப்போதோ யோசித்திருக்கிறார்கள். அவருக்கு நிலம் கிடைக்காமல் போனதையும் அதே யோசனை நியாயமாக்கிவிட்டது.

இரண்டும் ஒரே கரையில் கிடக்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

கண்மாய் நிரம்பியிருக்கும்போது முறை இல்லை. யாரும் யாரையும் கேட்பதில்லை. வாய்க்கால் எல்லாருக்கும் ஓடுகிறது.

நீர் இறங்க இறங்கப் பேச்சு தொடங்குகிறது. டீக்கடையில் ஒரு சொல். கோயில் திண்ணையில் ஒரு சொல். பிறகு ஊர் கூடுகிறது. ஏக்கருக்கு இத்தனை மணி நேரம். இன்னார் வயலுக்குப் பிறகு இன்னார் வயல். இரவு வந்தால் இரவு.

இப்போது கையில் கடிகாரம் இருக்கிறது. முன்பு பகலில் நிழலை அடியால் அளந்தார்கள். இரவில் ஆறாமீன் விண்மீன் கூட்டத்தைப் பார்த்தார்கள். அடியில் சின்னத் துளையிட்ட நாழிகை வட்டில் தண்ணீரில் மிதந்து, நிறைந்து, மூழ்கும். ஒரு மூழ்கலுக்கு 24 நிமிடம்.

தண்ணீரைத் தண்ணீரே அளக்கிறது.

*

வெளிச்சம் கொஞ்சம். கொக்கு ஒன்று ஒற்றைக்காலில். அசைவில்லை.

அதைக் கட்டுப்பாடு என்று சொல்ல வாய் வரவில்லை. அது மீனுக்காக நிற்கிறது. அவ்வளவுதான்.

*

நீர்க்கட்டி வரப்பில் நடக்கிறார். ஒவ்வொரு வயலிலும் கால் பெருவிரலால் மண்ணை அழுத்துகிறார். விரல் எவ்வளவு இறங்குகிறது என்பதில் ஏதோ தெரிகிறது அவருக்கு. ஒரு வயலில் நிற்கிறார். அடுத்ததில் நிற்காமல் போகிறார்.

பணக்கார வயல் எது, ஏழை வயல் எது என்று அந்த விரலுக்குத் தெரியுமா. தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். விரல் மண்ணை மட்டும் அழுத்துகிறது.

*

இரவு. வேறொரு இரவு.

தலைமடை வயல். நெல் பால் பிடிக்கும் நேரம். இப்போது ஒரு நனைப்பு கிடைத்தால் மணி. கிடைக்காவிட்டால் பதர். வயல்காரரின் முறை நாளை மறுநாள்.

வாய்க்கால் அவர் வரப்பை ஒட்டி ஓடுகிறது. அவருக்கு இல்லை. தாண்டிப் போகிறது. வாய்மடையில் ஒரு கட்டி மண். ஒரே ஒரு மம்பட்டி மண். எடுத்தால் தண்ணீர் உள்ளே வரும். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி வைத்துவிட்டால் விடிந்தபின் யாருக்கும் தெரியாது.

யாரும் இல்லை. டார்ச் வெளிச்சம் எங்கோ தூரத்தில்.

மம்பட்டிக் கணையில் கை. உள்ளங்கை வியர்த்திருக்கிறது. நீர் ஓடும் சத்தம். நெற்பயிரில் காற்று புகும் சத்தம். அவர் குனிகிறார். நிமிர்கிறார். மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொள்கிறார். போகவும் இல்லை.

நிற்கிறார்.

இந்த நிற்றலுக்குள் என்ன இருக்கிறது. பயமா. அபராதமா. அப்பா இப்படி நின்றதைச் சிறுவயதில் பார்த்த நினைவா. கடைமடைக்காரரின் மகளைத் தன் வீட்டில் கட்டியிருக்கும் உறவா. நாளை தன் முறையில் வேறொருவர் கை இப்படிக் குனியக்கூடும் என்ற எண்ணமா.

தெரியவில்லை. அவருக்கும் தெரியாமலிருக்கலாம்.

மண் அங்கேயே இருக்கிறது.

*

பல இரவுகளில் மண் அங்கே இருப்பதில்லை. அதுவும் உண்மை. விடிந்ததும் வரப்பில் சண்டை. மம்பட்டி ஓங்கிய கைகள். காவல் நிலையம் வரை போன வழக்குகள்.

அப்படியும் அடுத்த வாரம் முறை நடக்கிறது.

*

வகுப்பறை ஒன்று நினைவில் வருகிறது. மேசைமேல் பிரம்பு. கை கட்டிய வரிசைகள். மின்விசிறியின் சத்தம் மட்டும். வாத்தியார் வராந்தாவுக்குப் போகிறார். அறை வெடிக்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. பதினேழாம் பிரிவு. நல்ல வரி அது. பிரம்பின்கீழ் நாங்கள் கற்றதெல்லாம் காலடிச் சத்தத்தைக் கேட்கத்தான்.

நினைவு போகிறது. விரல் மூட்டில் ஒரு துளி வலி இருந்து, போகிறது.

*

உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில். கல் குளிர்ந்திருக்கிறது. எழுத்துகளின்மேல் கண் ஊர்கிறது. முதலாம் பராந்தகன் காலம். 919இல் ஒரு கல்வெட்டு. 921இல் அதைத் திருத்தி இன்னொன்று.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகள் ஒரு குடத்தில். விவரம் அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுக்கிறான். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். 360 நாள். பிறகு இறங்கிவிட வேண்டும். மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது. அவருடைய உறவினரும் வரக்கூடாது.

இந்த வரியில் நிற்கிறேன். இரண்டு ஆண்டுக்குள் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். முதல் விதி ஏதோ ஓரிடத்தில் ஒழுகியிருக்கிறது. அடைத்திருக்கிறார்கள். பொந்து இருக்கும் இடத்தில் மண் போடுகிறார்கள்.

சுவரில் இன்னும் இருக்கிறது. கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை.

அந்த ஏரிக்கு மண் சுமந்தவர்கள் குடத்துக்குள் இல்லை. பெண்கள் இல்லை. மடையைத் திறந்து மூடிய கை இல்லை.

கல் சூடேறுகிறது. வெயில் வந்துவிட்டது.

*

ஊர்க்கட்டுப்பாடு.

அந்தச் சொல்லைக் கேட்டதும் உடம்பு சற்று இறுகுகிறது. முறையை நடத்துவது அதுதான். ஒரு குடும்பத்துக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்காதே என்று சொன்னதும் அதுதான்.

*

மகாராஷ்டிரம். மகாத். சவுதார் குளம். ஆடுமாடு இறங்கிக் குடிக்கிறது. தீண்டப்படாதவர் என்று சொல்லப்பட்டவர் குடிக்க முடியாது. குளத்தை எல்லாருக்கும் திறந்ததாக நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் தாளில் இருக்கிறது.

1927 மார்ச் 20. மாநாட்டுப் பந்தலிலிருந்து ஊர்வலம் கிளம்புகிறது. கூச்சல் குழப்பம் இல்லாமல் கடைத்தெரு வழியாக நடக்கிறார்கள். அம்பேத்கர் படியில் இறங்குகிறார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்கிறார். பின்னால் வந்தவர்கள் குடிக்கிறார்கள்.

அன்றே அடி விழுகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்மேல், ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்மேல். திருப்பி அடிக்க ஆள் இருக்கிறது, பலம் இருக்கிறது. அம்பேத்கர் வேண்டாம் என்கிறார். கைகள் இறங்குகின்றன.

பிறகு நூற்றெட்டுக் குடம். சாணமும் கோமியமும் பாலும் தயிரும். மந்திரம். குளம் தூய்மையாகிவிட்டதாம்.

அந்தக் குடங்களையும் வரிசையாகத்தான் தூக்கியிருப்பார்கள். அங்கும் முறை தவறியிருக்காது.

இதை எழுதி நெடுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

*

மழை.

கரையில் நீர்க்கட்டி. கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்திருக்கிறார். நண்டு வளையா எலிப்பொந்தா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறார். கண்மாய் பொங்கும் இரவில் கரையில் ஒரு விரல் அளவு கசிவு போதும்.

மழை நிற்கிறது. அவர் நடப்பது நிற்கவில்லை.

*

குடிமராமத்து. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள். வரத்துக்கால் வெட்டு, வண்டலை அள்ளு, கரையில் போடு.

1858இல் ஆங்கிலேய அரசு அதைச் சட்டமாக்குகிறது. சட்டத்தின் பெயரிலேயே கட்டாய உழைப்பு என்று இருக்கிறது. 2017இல் தமிழ்நாடு அரசு பழைய பெயரோடு திட்டம் கொண்டுவருகிறது. பொக்லைன் வருகிறது. வேலை நடக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வேடிக்கை பார்க்கிறார்.

*

உச்சி வெயில். கண் கூசுகிறது. மூடுகிறேன். இமைக்குள் சிவப்பு.

ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று ஏதோ ஒன்று உள்ளே அரிக்கிறது. அது அரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

கோடை. கண்மாய் வற்றி இடுப்பளவு, சில இடத்தில் முழங்காலளவு. மீன்பிடித் திருவிழா.

விடியற்காலையிலேயே கரை நிறைந்துவிட்டது. வெளியூர் ஆட்களும் வந்திருக்கிறார்கள். ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, கூடை. குழந்தைகள் தோளில். ஓர் அடி தள்ளி, சேறு தெளிந்த நீரில், மீன் துள்ளுவது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

யாரும் இறங்கவில்லை.

ஆண்டு முழுக்க இந்த மீனை யாரும் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் இந்த ஓர் அடியில் நிற்கிறது. முன்வரிசையில் ஒரு சிறுவன் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான். பாட்டி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறாள். அவள் பிடியும் நடுங்குகிறது.

சாமி கும்பிட்டாகிவிட்டது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுகிறார்.

கரை சரிகிறது. அத்தனை பேரும் ஒரே சமயம் நீருக்குள். சேறு, சிரிப்பு, கத்தல். வரிசை இல்லை. யார் முந்தி என்று இல்லை. கெளுத்தி முள் குத்தி ஒருவர் கையை உதறுகிறார். விரால் பிடித்தவர் தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறார். தண்ணீர் முழுக்க மனிதர்கள்.

காத்திருந்தபோது இருந்த அமைதியும் இந்தக் கூத்தும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை.

*

மோட்டார் சத்தம். ஆழ்துளைக் கிணறு. தலைமடைக்காரர் இப்போது இரவில் நிற்பதில்லை. பொத்தானை அழுத்துகிறார்.

சண்டையும் குறைந்திருக்கிறது.

கண்மாய் எவ்வளவு இறங்கியது என்று கரையில் நின்றால் தெரியும். மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது என்று யாருக்குத் தெரியும். குழாயை நீட்டும்போது தெரிகிறது.

பம்புசெட் இல்லாத வயல்கள் கடைமடைப் பக்கம்தான் அதிகம்.

*

கடைமடை.

வாய்க்கால் இங்கே மெலிந்து, ஒரு சாண் அகலம். ஓர் அம்மா வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். மம்பட்டி மடியில். சாயங்காலத்திலிருந்து இருக்கிறார். வெள்ளி முளைத்துவிட்டது.

முதலில் ஒரு சருகு வருகிறது. பிறகு நுரை. பிறகு, மண்ணின் வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு, தண்ணீர். அவர் குதிகாலைத் தொடுகிறது. எழுந்து வாய்மடையை வெட்டுகிறார்.

மேலே எத்தனை வரப்புகளைத் தாண்டி வந்த தண்ணீர். எத்தனை கைகள் எடுக்காமல் விட்ட மண். அவருக்கு அவர்களில் பாதிப் பேரோடு பேச்சில்லை.

தண்ணீர் பரவுகிறது. ஒரு புழுக்க மணம்.

*

நீர்க்கட்டிக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. மகன் திருப்பூரில், பனியன் கம்பெனியில்.

அறுவடைக்கு ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று கூலி. விளையாத ஆண்டில் அதுவும் இல்லை. அவர் கேட்டதில்லை. கேட்காததை ஊர் அவருடைய நல்ல குணம் என்று சொல்கிறது.

அது எனக்குச் சரியாகப் படவில்லை.

*

கூட்டம். ஆலமரத்தடி. அடுத்த ஆண்டுக்கு யார் மடை பார்ப்பது.

மாதச் சம்பளம் வைத்து ஆள் போடலாம் என்று ஒருவர். சம்பளத்துக்கு யார் வசூலிப்பது என்று இன்னொருவர். வீட்டுக்கு ஒரு வாரம் என்று சுற்றி வரலாமே என்று ஒரு யோசனை. தலைமடை வரிசையில் அமைதி. விளையாத ஆண்டிலும் கூலி உண்டா என்று நீர்க்கட்டியின் தம்பி கேட்கிறார். முதல் முறையாகக் கேட்கப்படுகிறது. அது நோட்டில் ஏறுகிறது.

பெயர்கள் எழுதத் தொடங்குகிறார்கள். எல்லாம் ஆண் பெயர்.

பின்னால் உட்கார்ந்திருந்த கடைமடை அம்மா தன் பெயரையும் எழுதச் சொல்கிறார். ராத்திரி மடைக்குப் பொம்பளையா என்று முன்னால் ஒரு குரல்.

அவர் எழுந்து நிற்கிறார்.

“இத்தனை வருசமா ராத்திரி கடைமடையில நின்னது யாருண்ணே?”