சட்டகத்துக்கு வெளியே நிற்பவன்

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். அது பொய் சொல்ல வேண்டியதே இல்லை. எங்கே பார்க்கணும் என்று சொன்னாலே போதும். படக்கலையின் பாலபாடம் இதுதான்: சட்டகத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்றாகப் பிரி, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆளை வை. சாலையோ தண்டவாளமோ சுவரோ, ஏதோவொரு கோடு பார்ப்பவன் கண்ணைக் கூட்டிப் போய் அவனிடம் விடட்டும். இதை வெறும் தொழில்நுட்பம் என்கிறார்கள். ஆனால் ஓரிடத்தைப் பார்க்க வைப்பது என்றால், இன்னோரிடத்தைப் பார்க்க விடாமல் செய்வதுந்தான். அறம் பற்றிய கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

நம்ம சனங்களுக்கு இது புதுசில்ல. கோயிலை நடுவில் வைத்து, சேரியை ஓரத்துக்குத் தள்ளி, ஊரையே சட்டகம் போட்டு வைத்திருக்கிறது சாதி. எங்க ஆரணிப் பக்கம் டிஜிட்டல் பேனரைப் பாருங்கள். தலைவர் தலை ஆளுயரத்துக்கு இருக்கும். காசு போட்ட பையன்கள் கீழே தபால்தலை அளவில் வரிசையாக நிற்பார்கள். யார் பெரியவன் என்று எழுதவே வேண்டாம்.

1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற வெள்ளை ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. எலும்பும் தோலுமான மனிதர்களைக் கல்யாணக் குரூப் போட்டோ மாதிரி உட்கார வைத்தும் படுக்க வைத்தும் எடுத்திருக்கிறார். விலா எலும்பின் வரிகளே கோடுகளாகிக் கண்ணை இழுக்கின்றன. அந்தப் பஞ்ச காலத்திலேயே இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. கப்பல் அந்தச் சட்டகத்தில் இல்லை. பட்டினி தெரிகிறது, பட்டினி போட்டவன் தெரியவில்லை. இதே ஹூப்பர்தான் 1886-ல் பர்மாவின் மண்டலேயில், கைதிகளைச் சுடும் நொடியைப் படமெடுக்கப் போய் விசாரணைக்கு ஆளானவர்.

அந்தச் சட்டகம் இன்னும் உடையவில்லை. மலக்குழி மரணச் செய்திகளோடு வரும் படங்களை நினைத்துப் பாருங்கள். மேலேயிருந்து எடுத்திருப்பார்கள். வட்டமான குழி, இருட்டு, நடுவே ஒரு தலை. கண் வேறெங்கும் போக முடியாது. குழி விளிம்பில் செருப்புக் காலோடு நிற்கிற காண்ட்ராக்டர் மட்டும் வெட்டுப்பட்டுப் போயிருப்பான். 2013-ம் வருசச் சட்டம் குற்றவாளி என்று சொல்வது, இறக்கிவிட்டவனை. படமோ இறங்கினவனை மட்டுமே காட்டுகிறது.

'உலுக்குகிற படம் வந்தால்தானே சர்க்கார் அசையும்?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வெறும் இரக்கம் செத்தவனிடமே நின்றுவிடும். கோபந்தான் 'யார் அனுப்பினான்?' என்று கேட்டுக்கொண்டு அடுத்த அடி வைக்கும்.

திவ்யபாரதி இயக்கி 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த மதுரைப் பக்கத்து பழனிகுமார், செத்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படமெடுத்து வருகிறார். மீன் விற்கும் தன் தாயையும் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களிலும் கோடு உண்டு, ஒளி உண்டு, தேர்ச்சியும் உண்டு. வித்தியாசம், காமெரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

எனவே கலை நேர்த்தியே பாவம் என்று தள்ளிவிட வேண்டாம். அது நமக்கும் வேணும். உண்மை அறியும் குழுவோடு போகிற தம்பி தங்கைகள், எரிந்த குடிசையை எடுங்கள். அங்கேயிருந்து ஊர்த்தெரு வரைக்கும் போகிற பாதையையும் சேர்த்து எடுங்கள். பார்க்கிறவன் கண் அந்தப் பாதையில் நடந்து போகட்டும். போய்ச் சேருகிற இடத்தில் யார் வீடு இருக்கிறது என்று அவனே கேட்கட்டும்.