சக்கரம் இறங்காத வேளையில்



ஒரு பொருள் கைவிட்டுப் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அதைக் காப்பாற்ற நாம் எவ்வளவு தூரம் போகலாம்? இந்தக் கேள்வியை இம்முறை சற்று வேறான ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். நம் குடும்பங்களில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் வார இறுதிகளில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். பெற்றோருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிள்ளைகளோ கார் ஓட்டுவதைப் போலத்தான் என்கிறார்கள். கார் பழுதானால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது?

பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 போன்ற விமானங்களில் சக்கரங்கள் எப்போதும் வெளியே நிலையாக நிற்கும். அடுத்த படியாக வாங்கும் பைப்பர் ஏரோ, பீச்கிராஃப்ட் பொனான்சா போன்றவற்றில் அவை மேலே போனதும் உள்ளே மடங்கிவிடும். காற்றின் தடை குறைந்து வேகம் கூடும். கூடவே ஒரு கவலையும் வந்து சேரும்: இறங்கும்போது அவற்றை மறக்காமல் கீழே விட வேண்டும், அவையும் ஒழுங்காக இறங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று சக்கரத்துக்கு மூன்று பச்சை விளக்கு. மூன்றும் எரிந்தால் நிம்மதி.

எரியாவிட்டால்? முதலில் விளக்கையே சந்தேகிக்க வேண்டும். பைப்பர் ஏரோவில் எரியும் பல்பைக் கழற்றி எரியாத இடத்தில் போட்டுப் பார்க்கலாம். அதே விமானத்தில் இரவுக்கான விளக்கின் சுவிட்சைப் பகலில் தெரியாமல் போட்டுவிட்டால் பச்சை விளக்குகள் மங்கிவிடும். சக்கரம் ஒழுங்காக இறங்கியிருக்கும். பைலட்டுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டும். விளக்கு சரி என்றால் அவசர வழி இருக்கிறது. பொனான்சாவில் கைப்பிடி ஒன்றை ஏறக்குறைய ஐம்பது சுற்று சுற்ற வேண்டும், கிணற்றில் நீர் இறைத்த நம் பாட்டிமார்களைப் போல. ஏரோவில் எண்ணெய் அழுத்தத்தை விடுவித்தால் சக்கரம் தன் எடையிலேயே விழும்.

இத்தனையும் செய்து, பயனில்லை என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது.

சிறு விமானத்தை வயிற்றால் இறக்குவது கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், நிதானமாகச் செய்தால் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் காயமின்றி இறங்கி நடந்துவிடுகிறார்கள். கரடுமுரடான புல்தரையை விட வழவழப்பான தார் ஓடுபாதையே விமானத்துக்குக் குறைந்த சேதம் தரும் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். தீயணைப்பு வண்டி உள்ள விமான நிலையமாகத் தேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. ஆனால் சுழலும் புரொப்பெல்லர் தரையில் அடிபட்டு வளையும். அந்த அடி எஞ்சினுக்குள்ளும் போகும். பிறகு எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். செலவு பல்லாயிரம் டாலர்.

அதனால் ஓர் ஆசை எழுகிறது. ஓடுபாதையை நெருங்கும்போது ஆகாயத்திலேயே எஞ்சினை அணைத்து, வேகத்தைக் குறைத்து, புரொப்பெல்லரை நிற்க வைத்து, ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டி அதைக் கிடைமட்டமாகத் திருப்பிவிட்டால் அது தரையில் படாது. இரண்டு இதழ் உள்ள புரொப்பெல்லருக்குத்தான் இந்த வித்தை. மூன்று இதழ் என்றால் எப்படித் திருப்பினாலும் ஒன்று கீழே நிற்கும். செய்தவர்கள் உண்டு. எஞ்சினைக் காப்பாற்றியவர்களும் உண்டு. ஆனால் அணைத்த நொடியிலிருந்து அது எஞ்சின் இல்லாத விமானம். தூரக் கணக்கு சிறிது பிசகினாலும் மறுமுறை கிடையாது. புரொப்பெல்லரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஓடுபாதையைப் பார்க்காது. அனுபவம் மிக்க பயிற்சியாளர்கள் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: சக்கரம் இறங்கவில்லை என்று உறுதியான நிமிடமே விமானம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தம், நீ ஆட்களைக் கொண்டுவந்து சேர்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பைலட்டுகளுக்காக வெளியிடும் கையேட்டில் ஆபத்து வேளையில் மனம் செய்யும் கேடுகள் மூன்றைச் சொல்லியிருக்கிறார்கள். ஆபத்து வந்துவிட்டதை ஏற்க மறுப்பது ஒன்று. அடிபடுவோமோ என்ற மிதமிஞ்சிய அச்சம் இன்னொன்று. மற்றது, விமானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை. எண்ணெயும் இரும்பும் பற்றிய புத்தகத்தில் ஆசையைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்று நமக்கு வியப்பாக இருந்தது.

இந்த ஆசையை நாம் எளிதாக ஏளனம் செய்துவிடக் கூடாது. நம்மவர்கள் சிக்கனத்தில் வளர்ந்தவர்கள். பழைய டப்பாவைக்கூடத் தூக்கி எறிய மனம் வராது. பொருளை வீணாக்காதே என்பது நல்ல குணம்தான். தன் பொருள், தன் உயிர் என்று தனியாகப் பறப்பவன் ஒரு கணக்குப் போடலாம் என்று சிலர் வாதிடுவார்கள். அதையும் நாம் ஒப்புவதில்லை, வீட்டில் அவனுக்காகக் காத்திருப்பவர்களை அவன் கேட்டானா? பின்னால் நண்பனும் நண்பனின் குழந்தையும் உட்கார்ந்திருந்தால் வாதத்துக்கே இடமில்லை. அவர்களுடைய உயிரைப் பந்தயம் வைத்துத் தன் எஞ்சினை மீட்க அவனுக்கு எந்த உரிமையும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே மாதிரி எஞ்சினை அணைக்கிறார்கள். ஒருவர் பூப்போல இறங்கிவிடுகிறார். கிளப்பில் அவருக்குத் தட்டிக்கொடுப்பு. மற்றவர் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுகிறார். அவரைப் பொறுப்பற்றவர் என்கிறோம். செய்த முடிவு ஒன்றே, இடையில் வீசிய காற்றுதான் வேறு. பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவ ஆசிரியர்கள் 1976இல் இந்தப் புதிரை எடுத்து விவாதித்தார்கள். அறத்திலும் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டா என்பது அவர்கள் கேள்வி. தட்டிக்கொடுத்த கை தவறு செய்தது என்பது நம் கட்சி. அடுத்தவன் அதைப் பார்த்துத்தானே எஞ்சினை அணைக்கிறான்?

பழுதைச் சரிசெய்வதிலேயே மூழ்கிவிடுவதும் இதே வகைதான். இதற்குப் பெரிய விமானங்களே சாட்சி. 1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் நிறுவனத்தின் விமானம் 401 மயாமியில் இறங்க வந்தபோது முன்சக்கரத்தின் விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த விளக்கையே கவனித்துக்கொண்டிருக்க, விமானம் மெல்லத் தாழ்ந்து எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். 1978 டிசம்பர் 28இல் யுனைட்டெட் விமானம் 173 போர்ட்லண்ட் நகரின் மேல் சக்கரக் கோளாறு பற்றி யோசித்தபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். இரண்டிலும் சக்கரங்கள் உண்மையில் இறங்கித்தான் இருந்தன. போர்ட்லண்டில் எரிபொருள் குறைவதை எஞ்சினியர் சொல்லத்தான் செய்தார்; கேப்டன் மனத்தில் அது ஏறவில்லை. பெரியவர் முன் குரல் உயர்த்தாத பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல போலும்.

கோளாறே இல்லாமல், மறதியால் சக்கரத்தை இறக்காமல் வருபவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் வேகத்தைக் குறைத்ததும் எச்சரிக்கை ஒலி அலறும். பைலட்டுகளிடையே ஒரு பழைய நகைச்சுவை: "சக்கரம் இறக்கினீரா?" என்று கீழேயிருந்து கேட்டார்களாம். "இங்கே ஏதோ ஹார்ன் சத்தம், நீங்கள் சொல்வது காதில் விழவில்லை" என்றாராம் இவர்.

சிரிக்க முடியாத பகுதி அதற்குப் பின் வருவது. வயிறு தரையில் உராயும் சத்தம் கேட்டதும் கை தானாக வேகத்தைக் கூட்டி மேலே போகப் பார்க்கும். நடந்ததை நடக்காததாக ஆக்கிவிடும் துடிப்பு அது. புரொப்பெல்லர் வளைந்த பிறகு விமானம் எவ்வளவு தூரம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியே சறுக்கி நிற்க விடு என்பதே போதனை. 2020 மே 22இல் கராச்சியில் பாகிஸ்தான் பன்னாட்டு விமான நிறுவனத்தின் 8303 விமானம் சக்கரமின்றி ஓடுபாதையைத் தொட்டு, இரண்டு எஞ்சின்களும் உராய, மறுபடியும் மேலே எழுந்தது. சிறிது நேரத்தில் இரண்டும் நின்றுபோய்க் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. உள்ளே இருந்த 99 பேரில் இருவரே பிழைத்தார்கள். அந்த ஓடுபாதையிலேயே நின்றிருந்தால் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அவமானம் இந்த அளவுக்கு வலியது என்பதை அறிந்துதானோ என்னவோ, அமெரிக்காவில் 1976 முதல் ஓர் ஏற்பாடு நடக்கிறது. பைலட்டுகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பலாம். அதைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரமுள்ள இலாகா அல்ல, விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா. பெயரை நீக்கிவிட்டு மற்றவர்கள் படிக்கத் தொகுத்து வெளியிடுகிறார்கள். வேண்டுமென்று செய்யாத விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் எழுதி அனுப்பியவருக்கு, பெரும்பாலும் தண்டனை விலக்கும் கிடைக்கும்.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை உங்களை விமானத்தில் அழைத்துப்போனால், இறங்கும் முன் "மூன்று பச்சையும் எரிகிறதா, கண்ணா?" என்று ஒரு தடவை கேளுங்கள். நிலையான சக்கரமுள்ள விமானமாக இருந்தால் சிரிப்பான். சிரிக்கட்டும்.