அலகின் நிறமும் மனிதரின் அடையாளமும்

நீர் நிறைந்த நெல்வயலில் வெண்மையாய் நிற்பவற்றையெல்லாம் நாம் ‘கொக்கு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சற்று நின்று நோக்கினால், அச்சொல்லுக்குள் பல இனங்கள் இருப்பது புலனாகும். கரிய அலகும் கரிய கால்களும் மஞ்சள் பாதங்களும் உடையது சின்னக் கொக்கு. மேயும் மாடுகளின் காலடியில் பூச்சி தேடும் மஞ்சள் அலகுப் பறவை உண்ணிக்கொக்கு. இவ்விரண்டினும் உயர்ந்து, நீண்ட கழுத்தோடு நிற்பது பெரிய கொக்கு. எனவே, நிறங்கண்டு இனம் பிரித்தறிவது குற்றமன்று. உற்று நோக்காத இடத்தில் அக்கறையும் பிறப்பதில்லை.

ஆயினும் நிறம் எந்நாளும் ஒன்றையே சொல்வதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடுகிறது. உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் முதுகும் செம்மஞ்சள் நிறம் கொள்கின்றன. குயில்களில் ஆண் கருமை நிறத்தது. பெண்ணோ பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டது. வரப்போரம் மண்ணோடு மண்ணாய் ஒடுங்கி நிற்கும் மடையான், சிறகு விரித்ததும் வெள்ளைப் பறவையாகிறது. ஒரு நாள் கண்டதைக்கொண்டு முடிவு கட்டுவோர் ஒரே பறவையை இரண்டென எண்ணுவர். ஆதலால், தேர்ந்தவர்கள் நிறத்தோடு பருவம், வயது, இடம், நடை, குரல் அனைத்தையும் சேர்த்தே பெயர் சொல்வர். ஐயம் எழுந்தால் பெயர் சொல்லாமல் காத்திருப்பர்.

முற்காலத்தில் பறவையின் இனத்தை உறுதிசெய்ய அதைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்ப்பதே அறிஞர் வழக்கம். பறவையியலறிஞர் சாலிம் அலி (1896-1987) சிறுவனாய் இருந்தபோது சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அது எந்தக் குருவி எனக் கேட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடியதே அவரது வாழ்வைப் பறவைகள்பால் திருப்பியது. 1934-இல் அமெரிக்கரான ராஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கையேடோ, தொலைவிலிருந்தே காணத்தக்க அடையாளங்களை ஓவியங்களில் சுட்டிக்காட்டியது. பறவையைப் பறக்கவிட்டே அதன் பெயரை அறிய எளியோருக்கும் அது துணைசெய்தது.

மனிதரை நாம் அடையாளம் காண்பது இவற்றுள் எவ்வழியில்? பெண் பார்க்கப் போன வீட்டில் மேனியின் நிறம். வேலை கேட்டு வந்தவரிடம் உடை. புதிதாய்க் குடிவந்தவரிடம் பேச்சு வழக்கும் அதன்வழி ஊகிக்கும் சாதியும். ஒரே அடையாளத்தை ஒரு கணம் கண்டதும் நாம் தீர்ப்பெழுதி விடுகிறோம். கொக்கிற்கு அளிக்கும் பொறுமையை அயலாருக்கு அளிக்க மறுக்கிறோம்.

அப்படியாயின் வேறுபாடே பாராதிருப்பதுதான் நீதியா? அன்று. அது வெண்மையான அனைத்தையும் கொக்கு என்பதற்கு ஒப்பாகும். ஒருவரின் மொழியையும் மரபையும் அவர் பட்ட துயரையும் அறியாமல் அவரை மதிக்க இயலுமா? வேறுபாட்டை அறிவது ஒன்று. அதற்கு விலை குறிப்பது மற்றொன்று. கரிய அலகினும் மஞ்சள் அலகு மேலானது என்று எந்தப் பறவை நோக்கரும் எழுதியதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். நாம் தவறான பெயரிட்டாலும் பறவைக்கு யாதொரு குறையுமில்லை. அது தன் வழியே பறந்துவிடும். மனிதரோ நாம் இட்ட பெயரைச் சுமந்தே வாழ வேண்டியுள்ளது. திருமணம் தட்டிப்போவதும், வேலை மறுக்கப்படுவதும், வாடகை வீடு கிடைக்காமற் போவதும் அப்பெயரால்தான். ஆகவே, மனிதரைக் குறித்து முடிவாக ஒன்றைச் சொல்லுமுன், ஐயத்தோடு காத்திருக்கும் அப்பொறுமையை நாமும் பழகுவோம்.