கூட்டத்தைவிட்டுத் தனியே



மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் நாம் இப்போது கேட்ட புதுமையில் ஒரு செயலைப் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். தெக்கப்பொலிப் பகுதியில், காது கேளாத, நாக்கும் சரியாகப் புரளாத ஒருவரை இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். அவர் காதுகளில் விரலை வைப்பதற்கும், நாவைத் தொடுவதற்கும், வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கும் முன்பாக ஆண்டவர் வேறொன்றைச் செய்கிறார். அவரைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போகிறார். குணமாக்குதல் அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது என்று நான் நம்புகிறேன்.

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரத்தில் வாழும் நமக்கு, இரைச்சலைவிட்டு விலகுவதன் அருமை மற்றவர்களைவிட நன்றாகப் புரிய வேண்டும். நம்மில் பலருக்குச் சோறு போடுவது விசைத்தறி. தறிக்குடோனுக்குள் நின்று பேசிப் பழகியவர்களை வெளியிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். உரக்கப் பேசுவார்கள், எதிரே நிற்பவரின் உதட்டையே பார்ப்பார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த ஒரு தாய் என்னிடம், "சாமி, நீங்க பேசறது காதுல விழுவுதுங்க, என்ன சொல்றீங்கன்னுதான் தெரிய மாட்டேங்குது" என்றார். வயதாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வயது மட்டும் காரணம் அல்ல.

தறியில் நாடா அடிபடும் ஒவ்வொரு முறையும் பக்கத்துக் காற்று நெருங்கி விலகுகிறது. அந்த நெருக்கம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் பரவி வந்து செவிப்பறையைத் தள்ளுகிறது. உட்செவியில், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் அந்த அசைவை வாங்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. பிறக்கும்போது கடவுள் கொடுத்தது அவ்வளவுதான். செத்துப்போன மயிர்ச்செல் மனிதரிடம் மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது வினாடிக்கு 4,000 அதிர்வை ஒட்டிய கூர்மையான ஒலிகளைக் கேட்கும் செல்கள். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. ச, த போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுவது உயர்ந்த அதிர்வுகள். அதனால்தான் அந்தத் தாய்க்குக் குரல் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை.

டெசிபல் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். 85க்கும் 95க்கும் பத்துதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் காதுக்கு வந்து சேரும் ஆற்றல் பத்து மடங்கு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், 95 டெசிபலில் முக்கால் மணி நேரம்தான் இருக்கலாம். தறிக்குடோன்களின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். நம் மக்களுக்கோ பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்!

காதின் அருமையை அறிய மிருதங்கத்தை நினைத்துப் பாருங்கள். வெறுமனே இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வைப்போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். அதனால் அதில் சுருதி துலங்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்புக் கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து, மெல்லிய பூச்சாக அடுக்கடுக்காகத் தேய்க்கிறார்கள். அந்தக் கனத்தால் மேலதிர்வுகள் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று முழு மடங்குகளுக்கு வந்து சேர்கின்றன, தோல் பாடுகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. இராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து இதை 'நேச்சர்' இதழில் எழுதினார். அவர் அளந்து எழுதுவதற்குப் பல தலைமுறை முன்பே, எந்தக் கருவியும் இல்லாமல் காதை மட்டும் நம்பி அந்தப் பூச்சைச் சரியான கனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நம் கைவினைஞர்கள். தஞ்சாவூரில் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து ஒரு தலித் கிறிஸ்தவர். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட புத்தகத்தால்தான் பர்லாந்து குடும்பத்தின் பெயர் இசைச் சபைகளுக்கு வெளியிலும் பலருக்குத் தெரியவந்தது. உழைப்பவரின் காது அவ்வளவு நுட்பமானது. தறியின் சத்தம் மாறுவதைக் கேட்டே கோளாறைச் சொல்லும் ஃபிட்டர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காதைத்தான் தறிக்கே பலி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் ஆலயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பின்வரிசையில் கேட்கவில்லை என்றதும் மைக்கைக் கூட்டுகிறோம். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதே அளவு கூடுகிறது. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழுந்து, இரைச்சல்தான் மிச்சம். சின்னச் சின்ன ஸ்பீக்கர்களைப் பின்வரிசைக்குப் பக்கத்திலேயே வைத்து, சத்தத்தைக் குறைத்தால் சொல் தெளியும். திருவிழா நாட்களில் தெருவைப் பார்த்துக் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள் வேண்டவே வேண்டாம். குழந்தையைத் தூங்க வைக்கும் அண்டை வீட்டாருக்கு, அவர்கள் எந்தச் சமயத்தவரானாலும், நாம் செய்யும் அநீதி அது. இரவு பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி சொல்கிறது. விதிக்குப் பயந்து நிறுத்துவதைவிட அன்பினால் நிறுத்துவோம்.

தறி வைத்திருக்கும் பங்கு மக்களிடம் ஒரு விண்ணப்பம். காதில் செருகும் பஞ்சு கொஞ்சம்தான் தடுக்கும். நுரை அடைப்பானைச் சரியாகப் பொருத்தினால் 20 டெசிபல் அளவுக்குக்கூடக் குறையும், விலையும் சில ரூபாய்தான். ஷிப்டுக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுங்கள். இடையிடையே அவர்களை வெளியே அனுப்பிக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். ஆண்டவர் அந்தக் காது கேளாதவருக்கு முதலில் செய்தது அதுதான். தறி ஓட்டுகிறவர்களே, வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்றாலோ, பேரப்பிள்ளை சொல்வதை இரண்டு தரம் கேட்கிறீர்கள் என்றாலோ தள்ளிப்போடாதீர்கள். கோவை அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.