எழுகடல் வந்த ஊர்



ஆவணியிலும் புரட்டாசியிலும் பெய்த மாலை மழையால் மண் சற்றே குளிர்ந்து, வானம் தெளிந்து, அம்பிகையின் ஆராதனைக்கென்றே நம் முன்னோர் வகுத்து வைத்த சரத் காலம் பிறந்திருக்கிறது. பள்ளிக்கூடங்களில் காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டிருக்கிறார்கள்; வீடுதோறும் நவராத்திரிக் கொலுப்படி கட்டியாயிற்று; சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நம்முடைய அண்ணன் தம்பிகளும் அத்தை மாமன்மாரும் பிள்ளைகளோடு மதுரைக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சமயத்தில் நான் சொல்லப் புகுவது வெறும் லௌகிக விஷயம்போலத் தோன்றினாலும், திருவிளையாடற் புராணத்தின் உயிர்நிலையைத் தொடுவதாகையால், சற்றே செவிசாய்க்க வேண்டுகிறேன்.

உறவினர் வந்து பெட்டியை இறக்கிவைத்த மறுகணமே, அவர்களை எங்கே அழைத்துக்கொண்டு போவது என்ற யோசனை நம்மைப் பற்றிக்கொள்கிறது. ராமேசுவரமா, கொடைக்கானலா, கன்னியாகுமரியா என்று தர்க்கம் நடக்கிறது, வண்டி அமர்த்தப்படுகிறது, விடியலில் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பி, வந்தவரும் அழைத்துப் போனவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச நேரமின்றி விடுமுறை கழிந்துவிடுகிறது. க்ஷேத்திராடனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரின் இறைவனான சிவபெருமான், தம் வீட்டுக்கு வந்தவர்களையும் தம் வீட்டு மனிதர்களையும் நடத்திய முறை வேறு என்பதைப் பரஞ்சோதி முனிவர் அந்தப் புராணத்தில் நமக்கு விரித்துரைத்திருக்கிறார்.

மீனாட்சியம்மையாகிய தடாதகைப் பிராட்டியாருக்கும் பெருமானுக்கும் திருமணம் நிறைவேறி, வந்திருந்த முனிவர்களை எல்லாம் உணவுக்கு அழைத்தபோது, பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் மட்டும், தில்லையில் திருக்கூத்தைத் தரிசித்த பின்னரே உண்பது தங்கள் நியமம் என்று விண்ணப்பித்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகு விருந்தினர் இப்படிச் சொன்னால் நாம் முகம் சுளித்திருப்போம். பெருமானோ, அவர்களைத் தில்லைக்கு அனுப்பவுமில்லை, நியமத்தை ஒருநாள் விடுங்கள் என்று கட்டாயப்படுத்தவுமில்லை. அந்தத் திருக்கூத்தையே இங்கே வெள்ளியம்பலத்தில் ஆடிக் காட்டி, அவர்கள் கண்ணும் வயிறும் ஒருங்கே குளிரச் செய்தார். அவரும் கயிலையிலிருந்து மணமகனாக வந்து, பிராட்டியாரின் ஊரில் சுந்தர பாண்டியராகத் தங்கிவிட்டவர் அல்லவா? வந்து தங்குகிறவர்களின் உள்ளம் அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்!

இதற்குப் பின் நடந்ததுதான் நான் நின்று நிதானித்துச் சொல்ல விரும்புவது. பிராட்டியாரின் அன்னை காஞ்சனமாலை, தீர்த்தங்கள் அனைத்தும் சென்று சேரும் இடமாதலால் கடலில் நீராடுவதே சிறந்ததென்று கௌதம முனிவர் சொல்லக் கேட்டு, கடலாட வேண்டுமென்று ஆசைப்பட்டாள். மகள் அதைக் கணவரிடம் தெரிவித்தாள். மாமியாரின் விருப்பத்தைக் கேட்ட பெருமான், பல்லக்கு ஏற்பாடு செய்து அவளைத் தொலைவிலுள்ள கடற்கரைக்கு அனுப்பிவிடவில்லை. ஏழு கடல்களையும் மதுரையின் கிழக்கே ஒரு வாவிக்குள் வரவழைத்தார். புது மண்டபத்துக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் தொடங்கி முற்றுப்பெறாமல் நிற்கும் ராய கோபுரத்தின் அருகே, எழுகடல் தெரு என்று இன்றும் வழங்குகிறதே, அது இந்தச் சரித்திரத்தின் ஞாபகம்தான்.

கடல் வந்துவிட்டது, ஆனாலும் காஞ்சனமாலையால் நீராட முடியவில்லை. கணவன் கையையோ, மகன் கையையோ, அதுவும் இல்லாதவர் கன்றின் வாலையோ பற்றிக்கொண்டு மூழ்குவதே விதி என்று பெரியோர் சொன்னார்கள். அவளுக்குக் கணவன் மறைந்துவிட்டான், மகன் பிறக்கவில்லை. ஏழு கடலும் கண்ணெதிரே அலைவீச, கரையில் அந்த மூதாட்டி கன்றின் வாலை நினைத்துக் கலங்கி நின்றாள். அப்போது பெருமான், இந்திரலோகத்தில் இருந்த அவள் கணவன் மலயத்துவச பாண்டியனை நினைத்தார். அவன் விமானத்தில் வந்து இறங்கினான். மனைவியின் கையைப் பற்றினான். இருவரும் சேர்ந்து நீராடினார்கள்.

இந்தப் படலங்களை வாசிக்குந்தோறும் எனக்குத் தோன்றுவது ஒன்றே: காஞ்சனமாலைக்குக் குறையாக இருந்தது கடல் அன்று, கை. அந்தக் கை இல்லாதபோது ஏழு கடல் வந்தும் பயனில்லை. நம் வீட்டுக்கு வருகிற உறவினரும் இடம் பார்ப்பதற்காக மட்டும் வருவதில்லை. நெடுநாள் விட்டுப்போன ஒரு கையைப் பற்றிக்கொள்ளவே வருகிறார்கள். ஆகையால் ஊரிலேயே இருங்கள். காலையில் பரபரப்பின்றிப் புறப்பட்டு, மீனாட்சியம்மன் கோயிலின் அட்டசக்தி மண்டபத்தின் வழியே சென்று, முதலில் அம்மனையும் பிறகு சுவாமியையும் தரிசிக்கிற இவ்வூர் மரபைச் சொல்லிக்கொண்டே நடந்து, தரிசனம் முடிந்ததும் பொற்றாமரைக் குளத்தின் படியில் ஒரு நாழிகையாவது உட்காருங்கள். சொத்துப் பிரிவினையில் மனம் கசந்த அண்ணனும் தம்பியும், வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச முடியாததை, ஒரே திசை பார்த்து அந்தப் படிகளில் உட்காரும்போது பேசிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். குழந்தைகளை ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களை எண்ணச் சொல்லுங்கள். அங்கே உண்மையில் உள்ள 985 தூண்களையும் எண்ணி முடிப்பதற்குள் அவர்களுக்குள் புதிய சிநேகம் பிறந்துவிடும். மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தின் கரையில் காற்று வாங்கியபடி, இந்தக் குளத்துக்கு மண்ணெடுத்தபோது கிடைத்த திருவுருவமே கோயிலில் முக்குறுணிப் பிள்ளையாராக வீற்றிருக்கிறது என்ற செய்தியைச் சொல்லுங்கள். இரவில் கோயிலின் கொலு மண்டபத்தில் அன்றைய அலங்காரத்தில் அன்னை எழுந்தருளியிருப்பதைச் சேவித்து வாருங்கள். ஒரு நாளைக்கு இது போதும், இதுவே அதிகம்.

சமையலறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதே திருமண விருந்தில், சமைத்ததை எல்லாம் உண்டும் பசி அடங்காத பூதகணத்தவனான குண்டோதரனுக்காக அன்னக்குழியையும் வையை ஆற்றையும் அருளியவர் இறைவன். அந்தச் சுமையைப் பிராட்டியாரின் தலையில் கட்டிவிட்டு அவர் அப்பால் நிற்கவில்லை. விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் அதை இல்லறவியலில் வைத்தார். இல்லறம் ஒருவர் மட்டும் நடத்துவதன்று. மனைவியை அடுப்படியில் நிறுத்திவிட்டு ஆண்கள் விருந்தினரோடு ஊர் சுற்றிவரும் வீட்டில் நடப்பது அதிதி பூஜை ஆகாது என்பது என் திடமான அபிப்பிராயம். இந்தப் பத்து நாளில் பாதி நாளாவது எளிய சமையலோடு நிறுத்தி, அவளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கை பற்றுதல் என்று சொல்லும்போது, 1939 ஜூலை 8 அன்று இந்தக் கோயில் வாசலில் நடந்ததை மறக்க இயலாது. இதே ஊரில் பிறந்தும், அன்னையின் சந்நிதியைத் தலைமுறை தலைமுறையாக வெளியே நின்றே கும்பிட்ட மக்களைச் சேர்ந்தவர்களை, தேசத் தொண்டரான மதுரை வைத்தியநாத ஐயர் உள்ளே அழைத்துச் சென்றார். எதிர்ப்பும் ஏச்சும் குறைவாக இல்லை. மீனாட்சியின் வீட்டில் யார் உறவு, யார் அந்நியர் என்ற கேள்விக்கு அன்று செயலாலே விடை கிடைத்தது.

இன்னும் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். நவராத்திரி மாலையில் சுமங்கலிகள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து குங்குமமும் தாம்பூலமும் பெறும்போது, கணவரை இழந்த அத்தையோ பெரியம்மாவோ உள்ளறையில் ஒதுங்கிவிடுகிறார். ஊரிலிருந்து வந்த உறவினராகவே இருந்தாலும் அவரை அழைப்பார் இல்லை. காஞ்சனமாலை யார்? அவளும் அந்த நிலையில் இருந்தவள்தானே! அவளுக்காகத்தான் ஏழு கடலும் இந்த ஊருக்கு வந்தன. அவளை முன்னிட்டுத்தான் வானுலகிலிருந்து ஒரு விமானம் இறங்கிற்று. இன்று மாலையே அந்த அத்தையைக் கூடத்துக்கு அழைத்து உட்காரவைத்து, முதல் தாம்பூலத்தை அவரிடம் கொடுங்கள். நாளைக் கோயிலுக்குப் புறப்படும்போது எழுகடல் தெரு வழியாகவே போய், அங்கே சற்று நின்று, இந்தக் கதையை அவர் வாயாலேயே குழந்தைகளுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.