குடுவையில் முளைத்தது காட்டுக்கு உரியதா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மண்ணில் வளரும் சிலந்தி ஆர்க்கிட்டுகளில் பல இனங்கள் அழிவின் விளிம்பில் இருக்கின்றன. விக்டோரியா ராயல் தாவரவியல் பூங்கா அவற்றை ஆய்வகத்தில் முளைக்கவைத்து, காட்டில் நட்டுவருகிறது. 1982இல் ராபர்ட் எலியட் என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதி எழுப்பிய ஒரு கேள்வி இப்படிப்பட்ட முயற்சிகளின் அடிமடியிலேயே கைவைக்கிறது. தோண்டி அழித்த நிலத்தை முன்பிருந்தபடியே ஆக்கித் தருகிறோம் என்னும் சுரங்கக்காரர்களின் வாக்கை மறுத்து அவர் வாதிட்டார்: இயற்கையின் மதிப்பு அதன் உருவத்தில் மட்டும் இல்லை, அது வந்த வழியிலும் இருக்கிறது, எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் போலி ஓவியம் போலிதான். அப்படியானால் குடுவையில் முளைத்த ஆர்க்கிட்டும் போலிதானா?

இல்லை என்பேன். அதற்கான சான்று விதையிலேயே இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசளவே இருக்கும். கருவுக்கு உணவூட்டும் சேமிப்புத் திசு அதில் கிடையாது. இயற்கையில், மண்ணிலுள்ள பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். 1899இல் நோயெல் பெர்னார் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதைக் கண்டறிந்தார். சிலந்தி ஆர்க்கிட் கோடை முழுவதும் கிழங்காக மண்ணுக்குள் உறங்கி, மழை வந்தபின் ஒற்றை இலை விடுகிறது. அந்த இலைக்குக் கீழே, தண்டின் கழுத்தில், செல்களுக்குள் பூஞ்சை இழை நூற்கண்டாகச் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளைப் பிரித்தெடுத்து வளர்த்து, ஓட்ஸ் கலந்த அகாரில் விதையோடு சேர்க்கிறார்கள். விதையும் காட்டுச் செடியினுடையது, பூஞ்சையும் காட்டுச் செடியினுடையது. போலி ஓவியத்தில் மூல ஓவியரின் கை படவே இல்லை. இங்கோ வழிமரபு ஓரிடத்திலும் அறுபடவில்லை. மனிதன் படைப்பவனின் இடத்தில் ஏறிக்கொண்டான் என்ற சமயக் கண்டனத்துக்கும் இதுவே பதில். நடந்தது படைப்பு அல்ல, நின்றுபோன ஒரு சந்திப்பை நடத்திவைத்தல்.

எலியட் தரப்பு இதோடு ஓயாது. 1922இல் லூயிஸ் நட்சன் என்ற தாவரவியலாளர் பூஞ்சையே இல்லாமல், சர்க்கரை ஊட்டிய கலவையில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைத்துக் காட்டினார். பிரிட்டனில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1930இல் யார்க்‌ஷையரில் ஒரே ஒரு செடியாகத் திரும்பக் கிடைத்த லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டைக் கியூ தாவரவியல் பூங்கா பெருக்கியதும் பூஞ்சையில்லா முறையில்தான். அந்தச் செடிக்கு உறவு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மணிமேகலை பேசும் பௌத்தத்தின் சார்பின் தோற்றம் இங்கே எனக்குத் துணைநிற்கிறது. அது துன்பத்தின் காரணத் தொடரைச் சொல்ல வந்த கோட்பாடு. செடிக்குப் பொருத்துவது என் துணிவு. எதுவும் தனித்துத் தோன்றுவதில்லை என்றால், ஒரு செடியின் உண்மையை அது முளைத்த இடத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. நட்டபின் மண்ணில் தன் பூஞ்சையைச் சேர்ந்ததா, விதை கட்டியதா, அவ்விதை ஆள்துணையின்றி முளைத்ததா என்பதே கேள்வி. பூஞ்சையைச் சேரும்வரை, சர்க்கரையில் முளைத்த செடி ஒரு தனியன். உறவுகளுக்குள் திரும்பிய செடி காட்டுக்கு உரியது.

சிலந்தி ஆர்க்கிட்டுகள் பலவற்றில் அந்த உறவு பூஞ்சையோடு முடிவதில்லை. பூ, பெண் குளவியின் மணத்தைப் போலி செய்து ஆண் குளவியை வரவழைத்து மகரந்தம் சுமக்கவைக்கிறது. அந்தப் பெண் குளவிக்குச் சிறகில்லை. மண்ணுக்குள் இறங்கி வண்டுப் புழுக்களின்மேல் முட்டையிடும். வண்டு இல்லாத நிலத்தில் குளவி இல்லை, குளவி இல்லாத நிலத்தில் நட்ட ஆர்க்கிட் பூத்தாலும் மலடுதான். அதனால்தான் நடும் முன்பு, பூவைத் தூண்டிலாக வைத்துக் குளவி வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

எலியட்டின் எச்சரிக்கை இங்கேதான் முழுப் பலத்தோடு நிற்கிறது. ஆய்வகம் செடியைத் தரும். பூஞ்சை, குளவி, வண்டு மூன்றும் கூடிய நிலத்தைத் தராது. ஆகவே, ஆய்வகத்தில் வளர்த்து வேறிடத்தில் நட்டுத் தருகிறோம் என்ற உறுதிமொழியை, ஒரு காட்டை அழிக்கக் கேட்கும் அனுமதிக்கு ஈடாக எந்த அரசும் ஏற்கக் கூடாது.