ஊசி சுற்றும் ஊரில் விளக்கு ஓடாதா?

தம்பி, ஷிப்ட் முழுக்க நிட்டிங் மிஷின் முன்னால் நிற்கிறாய். சிலிண்டர் சுற்றுகிறது. நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, நூலைக் கொக்கியில் பிடித்துக்கொண்டு இறங்குகின்றன. எந்த ஊசி எப்போது ஏற வேண்டும் என்று முடிவு செய்வது கேம். அந்த கேமைக் கழற்றித் துடைத்து மாட்டத் தெரிந்த நீ, அவிநாசி ரோட்டில் புதுக் கார் ஒன்று திரும்பும்போது அதன் பின்விளக்கு உள்ளிருந்து வெளியே ஓடி ஓடி எரிவதை வாயைப் பிளந்து பார்க்கிறாய். "அதெல்லாம் ஜெர்மன்காரன் மூளைங்க" என்கிறாய்.

நிறுத்து அந்தப் பேச்சை!

ஓடும் இண்டிகேட்டரோடு 1965 மாடல் ஃபோர்டு தண்டர்பேர்டு வந்தபோது அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? கம்ப்யூட்டர் இல்லை, சிப் இல்லை. ஒரு சின்ன மோட்டார். அது கேம்களைச் சுற்றியது. கேம்கள் சுவிட்சுகளைத் தட்டின. பக்கத்துக்கு மூன்று கட்டமாக பல்புகள் எரிந்தன. உன் மிஷினில் கேம் நிற்க ஊசி ஓடுகிறது, அங்கே சுவிட்ச் நிற்க கேம் ஓடியது. இவ்வளவுதான் வித்தியாசம். நூல் அறுந்தால் பீடரில் விளக்கு எரிந்து மிஷின் நிற்கிறதே, அந்த போர்டைச் சரிசெய்கிறவனும் உன் ஊர்க்காரன்தான். உலகம் ரகசியம் என்று பூட்டி வைத்திருப்பதாக நீ நினைக்கும் பாதி விஷயம் உன் கைக்குப் பழகியது.

கையைத் தூக்கி 'என்னால் முடியும்' என்று நூறு தடவை கத்தச் சொல்லும் மேடைகள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் தொண்டை வலிதான் மிச்சம். நம்பிக்கை வேண்டுமா? எதையாவது எரிய வை!

அந்த ஓடும் இண்டிகேட்டரை நீயே செய். பழைய கார் ஒன்றைத் தேடு. மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி, எதுவானாலும் சரி. புதுக் காரின் விளக்கு பசை போட்டு ஒட்டிய பெட்டி, சூடேற்றித்தான் பிரிக்க வேண்டும். பழசில் ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வரும். பல்பு ஹோல்டர், எர்த் ஒயர், கொஞ்சம் துரு, எல்லாம் கண் முன்னே.

இனி கணக்கு. பத்தாவதில் ஓம் விதி படித்தாய் அல்லவா, அது பரீட்சைக்கு மட்டும் வந்ததில்லை. அம்பர் எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட். நான்கைத் தொடராக இணைத்தால் 8. இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14 வோல்ட் இருக்கும், மிச்சம் 6. அதை 330 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் 18 மில்லி ஆம்பியர் ஓடும். எல்.இ.டி.க்கு அது பத்திரமான அளவு. இப்படி மூன்று வரிசை போடு. 555 டைமர் தாளம் போடட்டும், ஷிப்ட் ரிஜிஸ்டர் வரிசை வரிசையாக ஏற்றட்டும், டிரான்சிஸ்டர் கரண்டைச் சுமக்கட்டும். இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய பிளாஷர் மட்டும் முரண்டு பிடிக்கும். 21 வாட் பல்பு இழுக்கும் கரண்டை நம்பி ஓடும் சாமான் அது. எல்.இ.டி. அவ்வளவு இழுக்காது என்பதால் படபடவென்று துடிக்கும், அல்லது அசையவே அசையாது. எல்.இ.டி.க்கென்றே வரும் எலக்ட்ரானிக் பிளாஷரை மாட்டு, அடங்கிவிடும்.

இந்த இடத்தில் கோயம்புத்தூர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவை எல்லோரும் இழுப்பார்கள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இதே திருப்பூரில் ஜின்னிங் ஆலை நடத்திச் சேர்த்த பணத்தை பம்பாய்ப் பருத்தி வியாபாரத்தில் தொலைத்த பிறகுதான், 1920இல் பொள்ளாச்சி–பழனி வழியில் பஸ் ஓட்ட வந்தார்.

அவரைவிட உனக்கு இன்னும் நெருக்கமான ஒருவரைக் காட்டுகிறேன். பவர் டேபிள் தையல் மிஷினில் ஊசிக்கு மேலே ஒரு குட்டி வெள்ளை எல்.இ.டி. எரிகிறதே, அதற்குள் ஒளிந்திருப்பது நீலம். மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் அதை வெள்ளையாக்குகிறது. அந்த நீலத்தைப் பிரகாசமாக எரிய வைத்த ஷூஜி நகாமுரா டோக்கியோவின் பெரிய கம்பெனிக்காரர் அல்ல. ஷிகோகு தீவில், தொகுஷிமாவில், நிச்சியா என்ற கெமிக்கல் கம்பெனியின் ஊழியர். குவார்ட்ஸ் குழாய்களைத் தானே வெல்டிங் வைத்தார். வெடித்துச் சிதறியதும் உண்டு. 1988இல் ஆராய்ச்சிக்காக ஃபுளோரிடாவுக்குப் போனார். டாக்டர் பட்டம் இல்லை என்பதால் அங்கே சமமாக மதிக்கவில்லை. திரும்பி வந்து, எல்.இ.டி. படிகம் வளர்க்கும் ரியாக்டரைக் காலையில் பிரித்து மாற்றினார், மத்தியானம் ஓட்டிப் பார்த்தார். மறுநாளும் அதே வேலை. கம்பெனி நிறுத்தச் சொன்னது. நிறுத்தவில்லை! 1993இல் நீலம் உலகத்துக்குத் தெரிந்தது. 2014இல் அகாசாகி, அமானோ இருவரோடும் நோபல் பரிசு. வெல்டிங் டார்ச் பிடித்த கை, தம்பி. உன் கை மாதிரிக் கை.

துணிச்சல் என்றதும் சிவப்பும் நீலமுமாக மின்னவிட்டுக் கிளம்பிவிடாதே. நம் விதிப்படி இண்டிகேட்டர் அம்பர் நிறம், நிமிடத்துக்கு 60க்குக் குறையாமல் 120க்கு மேல் போகாமல் சிமிட்ட வேண்டும். 90 என்று வைத்துக்கொள். ஒரு சுற்றுக்கு முக்கால் நொடிகூடக் கிடைக்காது. அதில் பாதி நேரத்துக்குள் உன் மூன்று வரிசையும் ஏறி முடிக்க வேண்டும். வண்டியின் மூல அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ரோட்டுக்கு எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் போய்க் கேள். கேட்கக் கூச்சமா? ஃபோர்டே 1964 மாடலில் போட நினைத்ததை மாநிலச் சட்டங்களுக்காக ஓராண்டு தள்ளிப் போட்டது. முடியாது என்று ஆபீசர் சொன்னால், ஒர்க்‌ஷாப் பெஞ்சின் மேலேயே அது ஓடட்டும். கற்ற வித்தையை எந்த ஆபீசரும் பறிமுதல் செய்ய மாட்டார்.

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், கைப்பிடி அம்பர் எல்.இ.டி. வாங்கு. உடனே காரில் கை வைக்காதே. பைக்கின் 12 வோல்ட் பேட்டரி போதும். நான்கு எல்.இ.டி., ஒரு 330 ஓம். எரியவில்லையா? ஏதோ ஒன்றில் பிளஸ், மைனஸ் கால் மாறியிருக்கும். திருப்பி வை.